மைவி காருக்கு ஏர்கோன் கண்டன்சர்: 150 வெள்ளியா (ரிங்கிட்), 340 வெள்ளியா?

லயத்துப்பையன்

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. வண்டி 2012 மைவி 1.3, ஓட்டம் 2 லட்சத்து 10 ஆயிரம் கிலோமீட்டர். தைப்பூசத்தன்று குடும்பத்தோடு ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போனோம். சுங்கை சிப்புட்டில் கிளம்பும்போது ஏர்கோன் நன்றாகத்தான் இருந்தது. குனோங் சீரோ பக்கம் ஜாமில் மாட்டி அரை மணி நேரம் நகராமல் நின்றோம், அப்போது சுடுகாற்று அடிக்க ஆரம்பித்தது. பின்னால் அம்மா, பால்குடத்துக்கு விரதம் வேறு. ஒரு வார்த்தை சொல்லவில்லை, முந்தானையால் விசிறிக்கொண்டே வந்தார். கண்ணாடியில் அதைப் பார்க்கப் பார்க்க, திட்டியிருந்தாலாவது பரவாயில்லை என்று ஆகிவிட்டது.

மறுநாள் ஒரு கடையில் காட்டினேன். கேஸ் குறைந்திருக்கிறது என்று 60 வெள்ளிக்கு ஏற்றினார்கள். மூன்று வாரம் தாங்கியது. இரண்டாவது கடைக்காரர், கேஸின் சூட்டை வெளியே தள்ளும் கண்டன்சர் ஒழுகுகிறது, மாற்றத்தான் வேண்டும் என்கிறார். சீனாப் பொருள் 150, டென்சோ கம்பெனிப் பொருள் 340. கூலியும் கேஸும் தனியாக 160. தோட்டத்து லயத்து வீட்டில் இருந்து பெரிய ரோட்டுக்கு வர எனக்குத் தினமும் நாலு கிலோமீட்டர் செம்மண் பாதை, முன்னால் எப்போதும் ஒரு செம்பனை லாரி போகும். எதைப் போடலாம்?

ஈப்போ எக்ஸ்பிரஸ்

டென்சோ போடு. பேச்சே வேண்டாம்.

கிராணி வீட்டுப் பிள்ளை

எல்லாரும் வாயால் டென்சோ போட்டுவிடுவார்கள், பணம் கட்டுவது நீதானே. என் வீவா காருக்கு நான்கு வருஷத்துக்கு முன்னால் 130 வெள்ளி சாமான் போட்டேன், இன்றுவரை ஒரு குறை இல்லை. 2012 வண்டி, இன்னும் எத்தனை வருஷம் வைத்திருக்கப் போகிறாய்? மிச்சமாகும் 190 வெள்ளியில் பேட்டரி ஒன்று மாற்றிக்கொள்ளலாம். பெட்டியில் எழுதியிருக்கும் பெயருக்குக் காசு கொடுக்கும் பழக்கம் நம்மிடம் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான் சொல்வேன்.

ஈப்போ எக்ஸ்பிரஸ்

நான்கு வருஷம் என்கிறீர்களே, உங்கள் வீவா வாரத்துக்கு ஒரு தடவை மார்க்கெட்டுக்குப் போகிற வண்டி. தம்பி தினமும் ஈப்போ போய் வருகிறார்.

பழைய போர்மன்

தம்பி, விலையை அப்புறம் பார்க்கலாம். பழையது எப்படிச் செத்தது? அதை யாரும் உன்னிடம் சொல்லவில்லை பார். ஒழுகுகிறது என்றால் எங்கே ஒழுகுகிறது, எதனால்? அது தெரியாமல் 150ஐ வாங்கினாலும் 340ஐ வாங்கினாலும் குருட்டாம்போக்குத்தான்.

போனட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார். கேஸ் தனியாக வெளியே போகாது, கேஸை அழுத்தும் கம்ப்ரசரின் ஆயிலையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டுதான் போகும். அந்த இடத்தில் எண்ணெய் கசிந்து, மேலே தூசி ஒட்டிக் கறுத்திருக்கும். நடுவில் ஒரே ஒரு புள்ளியாக, பக்கத்து அலுமினியத் தகட்டு மடிப்புகள் நசுங்கி இருந்தால் கல் அடித்தது. கீழ் வரிசை முழுக்க வெள்ளைப் பொடி பூத்து, விரல் வைத்தால் மடிப்பு உதிர்ந்தால் அரிப்பு. குழாய் இணைப்பில் மட்டும் ஈரம் என்றால் கண்டன்சரே நன்றாக இருக்கலாம், ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் போயிருக்கும், அதற்குச் சில்லறைக் காசுதான்.

இன்னொரு வகை உண்டு, அதுதான் மோசம். கம்ப்ரசர் உள்ளே தேய்ந்து தூள் தூளாகி, அந்தக் கறுப்புச் சகதி வந்து கண்டன்சரில் அடைத்துக்கொள்ளும். இப்போதைய கண்டன்சர் குழாய் தட்டையானது, 2 மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது, அதற்குள்ளே ஊசித்துளை மாதிரி பல வழிகள். 1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகா கார் காலத்தில் உருண்டைக் குழாய், ஆர்12 கேஸ். பிரித்துக் கழுவிக் காற்றடித்து மறுபடி மாட்டுவோம். 134ஏ கேஸ் வந்த பிறகு கண்டன்சரே மாறிவிட்டது. இப்போதையதைக் கழுவவே முடியாது. கம்ப்ரசர் உடைந்தால் கண்டன்சரும் மாற்றித்தான் ஆக வேண்டும். "கழுவித் தருகிறேன், 80 வெள்ளி கொடு" என்று எவனாவது சொன்னால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடு.

அப்புறம், ஓடும்போது குளிர், நின்றால் சூடு என்கிறாய். ஒழுகலை மட்டும் சொல்லி இதை முடித்துவிட முடியாது. கண்டன்சருக்குக் காற்று இழுக்கும் ஃபேனைப் பார்த்தார்களா?

லயத்துப்பையன்

ஃபேன் சுற்றுகிறது ஐயா. சத்தமும் வருகிறது.

பழைய போர்மன்

சுற்றுவது வேறு, இழுப்பது வேறு.

டீச்சரம்மா

ஐயோ, போர்மன் ஐயா சொன்னதை அப்படியே அனுபவித்தவள் நான். என் பழைய வண்டியில் ஒரு தடவை ஃபேன் மோட்டார் எரிந்து மாற்றினார்கள். அன்றிலிருந்து நின்றால் சூடு. இரண்டு இடத்தில் கேஸ் ஏற்றினேன், ஒருவர் கம்ப்ரசர் என்றார், இன்னொருவர் கண்டன்சர் என்று மாற்றியே விட்டார், 400 வெள்ளிக்கு மேல் போனது. கடைசியில் என் பள்ளிக்கூடத்துத் தோட்டக்காரர்தான் கண்டுபிடித்தார். மலேசிய நண்பன் பத்திரிகைத் தாள் ஒன்றை எடுத்து கிரில் முன்னால் பிடித்தார். தாள் உள்ளே ஒட்டிக்கொள்ள வேண்டும் அல்லவா, அது வெளியே பறந்தது! மோட்டார் மாற்றியவர் இரண்டு ஒயரையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார், ஃபேன் தலைகீழாகச் சுற்றி எஞ்சின் சூட்டை முன்பக்கம் தள்ளிக்கொண்டு இருந்திருக்கிறது. ஓடும்போது எதிர்க்காற்று எப்படியோ சமாளித்திருக்கிறது போல. ஒயரை மாற்ற ஐந்து நிமிஷம் ஆனது, காசுகூட வாங்கவில்லை. மறுநாள் அவருக்கு ஒரு டப்பா முறுக்கு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

செம்பனை லாரி

டீச்சர் கதை நம்பர் ஒன். என் கதை வேறு மாதிரி. நான் ஓட்டுவது தோட்டத்து ஹைலக்ஸ் பிக்கப் வண்டி, பின்னால் எப்போதும் உர மூட்டை. பொட்டாஷ் உரம் தெரியும் அல்லவா, சிவப்பாக உப்பு மாதிரி இருக்கும். மாதிரி என்ன, உப்பேதான், பொட்டாசியம் குளோரைடு. தூள் எங்கேயும் போகும். உரம் போடும் மாதங்களில் செட்டுக்குள் நிறுத்திவைத்தால் காலையில் போனட் மேல் ஒரு படலம் இருக்கும். ராத்திரி பனி, காலையில் ஈரம், அலுமினியத்துக்கு இது போதும். மலிவு கண்டன்சர் இரண்டு போட்டேன், மூன்று வருஷத்தில் இரண்டும் காலி, கீழ் வரிசை மடிப்பு அப்பளம் மாதிரி கையோடு வந்தது. மூன்றாவது ஒரிஜினல் போட்டேன், அது ஐந்தாவது வருஷம் ஓடுகிறது. ஆனால் ஒன்று, ஒரிஜினல் போட்ட பிறகுதான் வாரம் ஒரு தடவை குழாய்த் தண்ணீரில் முன்பக்கத்தைக் கழுவும் பழக்கமும் வந்தது, காசு போட்ட வலி அப்படி. அதனால் எது காப்பாற்றியது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

கழுவும்போது வாட்டர்ஜெட் வேண்டாம். ஒரு தடவை கார்வாஷ் பையன் பக்கத்தில் வைத்து அடித்தான், மடிப்பு எல்லாம் பாய் முடைந்த மாதிரி படுத்துவிட்டது. ராத்திரி பூராவும் உட்கார்ந்து பழைய டூத்பிரஷ் காம்பால் நிமிர்த்தினேன்.

கடாரத்தான்

சுங்கைப் பட்டாணியில் இருந்து ஒரு வார்த்தை. ஆன்லைனில் "டென்சோ ஒரிஜினல்" என்று பாதி விலைக்குக் கிடைப்பதை வாங்கிவிடாதே. எனக்கு வந்தது பெட்டி மட்டும்தான் டென்சோ. உள்ளே இருந்ததில் ஸ்டிக்கர் கோணலாக ஒட்டியிருந்தது, குழாய் வாயில் மூடியும் இல்லை.

கிராணி வீட்டுப் பிள்ளை

மூடி இல்லாவிட்டால் என்ன, மாட்டும்போது கழற்றத்தானே போகிறோம்?

பழைய போர்மன்

மூடிதான் முக்கியம். இப்போது பல கண்டன்சர்களில் பக்கத்திலேயே டிரையர் குழாய் சேர்ந்து வருகிறது. அதற்குள்ளே ஈரம் உறிஞ்சும் மணிகள் ஒரு சின்னப் பையில் இருக்கும். நம் ஊர்க் காற்றில் முறுக்கு டப்பாவைத் திறந்துவைத்தால் என்ன ஆகும்? மூடி இல்லாமல் ஆறு மாதம் அலமாரியில் கிடந்தது என்றால் அந்த மணிகள் அங்கேயே ஈரத்தைக் குடித்து முடித்துவிடும். வண்டிக்குள் போய் எதை உறிஞ்சும்? மிச்ச ஈரம் வால்வில் போய் ஐஸ் கட்டும், கொஞ்ச நேரம் குளிரும் கொஞ்ச நேரம் குளிராது, ஆயிலும் கெட்டுப்போகும். மலிவு சாமானில் சிலதில் பையே இருக்காது, குழாய் மட்டும் அலங்காரத்துக்கு.

விலை வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று இப்போது சொல்கிறேன். ஒன்று, மடிப்பு. தட்டைக் குழாய்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிறதே, அது ஒரு இஞ்சுக்கு எத்தனை இருக்கிறது என்பது. குறைத்தால் அலுமினியம் மிச்சம், சூடு வெளியே போகும் இடமும் குறைவு. இரண்டு, குழாய்ச் சுவரின் கனமும் அரிப்புக்கு எதிரான பூச்சும். இது கண்ணுக்குத் தெரியாது, வருஷம் போனால்தான் தெரியும். மூன்று, காது. காது என்றால் மாட்டும் இடம். ஓட்டை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி இருந்தால் பையன் இழுத்துப் பிடித்து முடுக்குவான், அந்த இழுவை தினமும் உன் செம்மண் பாதையில் குலுங்கிக் குலுங்கி ஒரு நாள் குழாய் அடியில் விரிசல் விடும். நான்கு, ஓரத்து ஸ்பாஞ்சு. கண்டன்சரைச் சுற்றி கறுப்பு நுரைப்பட்டை இருக்கும், அது இல்லாவிட்டால் ஃபேன் முன்காற்றை இழுக்காமல் பக்கத்துச் சந்து வழியாக எஞ்சின் சூட்டையே திரும்ப இழுக்கும். மலிவு சாமானில் அது வராது. பழையதில் இருந்து பிய்த்து ஒட்டச் சொல்ல வேண்டும், பாதிப் பேர் குப்பையில் போட்டுவிடுவார்கள்.

ஓடும்போது இது எதுவும் தெரியாது, காற்று தாராளம். ஜாமில்தான் தெரியும். 134ஏ கேஸ் 50 டிகிரியில் திரவமாக மாற 176 பிஎஸ்ஐ அழுத்தம் வேண்டும், 60 டிகிரி என்றால் 230 கிட்ட. கண்டன்சர் சூட்டைத் தள்ள முடியாமல் பத்து டிகிரி ஏறினால் கம்ப்ரசர் தலையில் ஐம்பது பிஎஸ்ஐ கூடுதல் சுமை, பெட்ரோலும் அதிகம், குளிரும் குறைவு.

லயத்துப்பையன்

ஐயா, நீங்கள் சொன்ன மாதிரி டார்ச் அடித்துப் பார்த்தேன். டிரைவர் பக்கம், மேலே இருந்து ஐந்தாவது குழாயில், ஐந்து காசு அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம். தொட்டால் பிசுபிசு. நடுவில் மடிப்பு உள்ளே குழிந்திருக்கிறது. கீழே எல்லாம் சேறு படிந்திருக்கிறது, ஆனால் உதிரவில்லை. அப்படியானால் கல்தானே? அந்த லாரிக்கு முன்னால் போக முடியாமல் தினமும் பின்னாலேயே வருவேன், அதன் டயர்தான் வேலையைக் காட்டியிருக்கும்.

செம்பனை லாரி

லாரியைக் குறை சொல்லாதே தம்பி. இடைவெளி விட்டு வா.

பழைய போர்மன்

கல்தான். அப்படியானால் உன் பழைய கண்டன்சர் அரிப்பில் சாகவில்லை, அடிபட்டுச் செத்தது. கல்லுக்கு 150உம் ஒன்று, 340உம் ஒன்று. அதனால் உர அரிப்பில் கண்டன்சரை இழந்த நம் செம்பனை லாரிக்குச் சொல்லும் பதில் உனக்கு ஆகாது. ஆனால் தைப்பூசச் சூடு இன்னும் பாக்கி. கேஸ் கொஞ்சம் இருக்கும்போதே ஒரு சோதனை செய். வண்டியை வெயிலில் நிறுத்தி ஏர்கோனை முழுசாக வை, உள்ளே காற்று சூடாகும்வரை காத்திரு. பிறகு ஒரு வாளித் தண்ணீரைக் கிரில் வழியாகக் கண்டன்சர் மேல் மெதுவாக ஊற்று. விரலை உள்ளே விடாதே, ஃபேன் எப்போது சுற்றும் என்று தெரியாது. ஒரு நிமிஷத்தில் காற்று சில்லென்று மாறினால் சூடு வெளியே போகாததுதான் வியாதி, கேஸ் மட்டும் காரணம் இல்லை. டீச்சர் சொன்ன பேப்பரையும் பிடித்துப் பார்.

லயத்துப்பையன்

செய்தேன். தம்பி உள்ளே உட்கார்ந்து காற்று வரும் வென்ட்டில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தான், 19 டிகிரியில் நின்றது. அரை வாளி ஊற்றியதும் 12. நிறுத்தியதும் மறுபடி ஏறிவிட்டது. பேப்பர் ஒட்டியது, ஆனால் சோம்பலாக, ஊதினாலே விழும் போலிருந்தது. பக்கத்து வீட்டு மைவியில் பிடித்துப் பார்த்தேன், பட்டென்று அப்பிக்கொண்டது.

பழைய போர்மன்

மோட்டார் தளர்ந்துவிட்டது. அவ்வளவுதான், பாதி வழக்கு முடிந்தது. கண்டன்சரை மட்டும் மாற்றியிருந்தால் அடுத்த தைப்பூசத்தில் அம்மா மறுபடி முந்தானையை எடுத்திருப்பார், நீ இங்கே வந்து கண்டன்சரைத் திட்டியிருப்பாய்.

ஈப்போ எக்ஸ்பிரஸ்

சரி ஐயா, அப்படியானால் மலிவே போதும் என்கிறீர்களா? நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தினமும் ஈப்போ ஜாமில் நிற்கும் வண்டி.

பழைய போர்மன்

போதும் என்று எங்கே சொன்னேன்? பழையதைக் கழற்றி, அதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போ. கவுண்டரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வை. ரூலர் வைத்து ஒரு இஞ்சுக்கு மடிப்பை எண்ணு. காது ஓட்டைகள் ஒன்றன் மேல் ஒன்று உட்காருகிறதா பார், மூடி இருக்கிறதா பார். தவுக்கே, அதான் கடை முதலாளி, முறைப்பார், முறைக்கட்டும்.

கடாரத்தான்

மாட்டும்போது உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுக்கும் வேக்குவம் எத்தனை நிமிஷம் போடுகிறார்கள் என்று பார். எங்கள் ஊரில் ஒரு கடையில் ஐந்து நிமிஷம் போட்டுவிட்டு "முடிந்தது" என்று கேஸ் ஏற்றினார்கள். குறைந்தது அரை மணி நேரம் ஓட வேண்டும். உள்ளே அழுத்தம் காற்றழுத்தத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்குக் கீழே போனால்தான் 30 டிகிரியில் தண்ணீர் கொதித்து வெளியேறும். நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம் கேஜ் முள் அசையாமல் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பழைய போர்மன்

சரியாகச் சொன்னீர்கள். கேஸ் தராசில் நிறுத்துத்தான் ஏற்ற வேண்டும், போனட் அடியில் ஸ்டிக்கரில் கிராம் கணக்கு இருக்கும். சின்ன வண்டிக்கு ஐம்பது கிராம் கூடினாலே ஜாமில் சூடுதான். புதுக் கண்டன்சருக்குக் கொஞ்சம் கம்ப்ரசர் ஆயிலும் சேர்க்க வேண்டும், 30 மில்லி போல. பழைய ஓ-ரிங்கைத் திரும்பப் போட விடாதே.

லயத்துப்பையன்

அப்டேட். சனிக்கிழமை முடிந்தது. 150 வெள்ளி சாமானை முதலில் வைத்து எண்ணினேன்: பழையதில் ஒரு இஞ்சுக்கு 20 மடிப்பு, இதில் 15. கைக்கும் பாரமே இல்லை, கீழ்க் காதும் ஒரு பக்கம் உட்காரவில்லை. டென்சோ 20, எல்லாம் சரி, ஆனால் 340. அப்புறம் தவுக்கே என்ன நினைத்தாரோ, உள்ளே போய்த் தூசி தட்டி மூன்றாவதாக ஒன்றை எடுத்து வந்தார், தாய்லாந்தில் செய்தது, நான் கேள்விப்படாத பெயர், 230. எண்ணினேன், 19. காது உட்கார்ந்தது, இரண்டு மூடியும் இறுக்கமாக இருந்தன. அதையே எடுத்தேன். மிச்சக் காசுக்கு மேல் இருபது போட்டு ஃபேன் மோட்டார் புதுசு. பழைய ஸ்பாஞ்சைப் பொமென் (மெக்கானிக்) குப்பையில் போட்டார், நான் போய்ப் பொறுக்கி எடுத்து வந்து கொடுத்தேன், அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வேக்குவம் நாற்பது நிமிஷம், பக்கத்தில் நின்று தே தாரிக் குடித்துக்கொண்டே பார்த்தேன்.

நேற்று குவாலா கங்சார் போய்விட்டு ஹைவேயில் மெனோரா சுரங்க ஏற்றம் ஏறினேன், மத்தியானம் இரண்டு மணி, முன்னால் லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. வென்ட்டில் 9. ஈப்போவில் சிக்னலில் நின்றபோது 11 வரை போனது, அதற்கு மேல் ஏறவில்லை. பின்னால் இருந்து அம்மா "ஐயா, குளிருதுப்பா" என்றார்.

இன்னொரு வேலையும் செய்தேன். கல் அடிக்காமல் இருக்க, கிரில் உள்பக்கம் கொசுவலை கட்டிவிட்டேன்.

பழைய போர்மன்

கொசுவலையா! இவ்வளவு பாடுபட்டுக் காற்றுக்கு வழி செய்துவிட்டு வாசலிலேயே துணி கட்டுகிறாயே. ஒரு மழையில் ஈசலும் சேறும் அடைத்துவிடும், ரேடியேட்டரும் சேர்ந்து சூடாகும். வேண்டுமானால் ஹார்ட்வேர் கடையில் அரை இஞ்சு சதுரக் கம்பிவலை வாங்கிக் கட்டு.

லயத்துப்பையன்

இப்போதே போய்க் கழற்றுகிறேன் ஐயா.

டீச்சரம்மா

தம்பி, எந்தக் கடை? என் வண்டிக்கும் அடுத்த மாதம் பார்க்க வேண்டும்.

லயத்துப்பையன்

தனிமடலில் அனுப்புகிறேன் டீச்சர். ரூலர் மறக்காமல் எடுத்துப் போங்கள், அந்தத் தவுக்கே இப்போது என்னைப் பார்த்தாலே மேசை இழுப்பறையைத் திறந்து ரூலரை எடுத்து நீட்டுகிறார்.

செம்பனை லாரி

பழைய கண்டன்சர் எங்கே?

லயத்துப்பையன்

வண்டியின் பின்பெட்டியில்தான் கிடக்கிறது, எடுக்க மறந்துவிட்டேன்.

செம்பனை லாரி

அதையும் சுமந்துகொண்டு திரியாதே. எங்கள் லயத்துக்கு ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்புக்காரர் வருவார், அலுமினியம் எடுப்பார். கொண்டு வா. அந்தக் கொசுவலையையும் கொண்டு வா, என் கோழிக்கூண்டில் ஒரு மூலை கிழிந்து கிடக்கிறது.